சிவப்பு அம்பு

பிரேமலா வீட்டில் புதுப் பொருள் எதற்கும் பிளாஸ்டிக் உரிப்பதில்லை. டிவி ரிமோட் அதன் கவருக்குள்ளேயே கிடக்கும். மைக்ரோவேவ் கதவில் ஒட்டி வந்த தாள் ஓரமெல்லாம் சுருண்டு, எண்ணெய்ப் பழுப்பு ஏறி, ஏழு வருஷமாக அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு சத்தம் வரும். புருஷன் அர்ச்சுனன் வருகிறவர்களிடம் சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கே என்னையும் ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தா, இன்னிக்கும் புதுசா இருந்திருப்பேன்."

அவள் வளர்ந்தது மலேசியாவில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எட்டுப் பேர் புழங்கிய லயத்து வீட்டில். அங்கே எந்தப் பொருளும் புதுசாக இருந்த நேரம் கொஞ்சம். கவரோடு இருக்கிறவரை அது புதுசு என்ற எண்ணம் அங்கிருந்து அவளோடு வந்தது.

இருபத்திரண்டு வயதில் ஜொகூர் பாருவுக்கு வந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். இருபத்தாறு வருஷம் ஒரே வேலை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே மின்பலகைகளை வைத்துப் பார்ப்பது. ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, பாகங்களின் கம்பிக்கால் ஏதாவது வளைந்திருக்கிறதா, மேலே தூசி தும்பு கிடக்கிறதா. போர்டில் வேண்டாத எது கிடந்தாலும் அதற்குக் கம்பெனி வைத்த பெயர் 'ஃபாரின் மெட்டீரியல்'. ஒரு தலைமுடி கிடந்தாலும் உற்பத்தி லைனே நிற்கும். குறை கண்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, போர்டைச் சிவப்புத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு போர்டுக்கு ஒரு அம்பு போதும். அதற்குமேல் என்ன குறை இருக்கிறது என்று தேடுவது ரிப்பேர் பகுதிக்காரர்கள் வேலை. தேடிக்கொண்டு நின்றால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பாள். பளபளப்பான பாகங்களின் மேல் வரும் பாதுகாப்புத் தாளையும் லைனில் யாரும் தொடக்கூடாது, ரேகை விழும். அதை உரிக்கிறவர்கள் எங்கேயோ கடைசியில் இருந்தார்கள். அவர்களைப் பிரேமலா பார்த்ததே இல்லை.

கம்பெனி வியட்நாமுக்குப் போன வருஷம் அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், நாசி பிரியாணி சாப்பிட்டார்கள். உடம்பு மின்சாரம் போர்டைத் தாக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டையையும், பாதி தீர்ந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளையும் அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை.

அர்ச்சுனன் கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஜொகூர் பாருவைச் சுற்றி, பெர்மாஸ் ஜெயாவிலும் மாசாயிலும் அவர் எடுக்காத தமிழ்க் கல்யாணம் குறைவு. கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் மணமேடையைப் பார்ப்பார்கள்; அவர் கேமரா பெண்ணின் அம்மா முகத்துக்குப் போயிருக்கும். அவருடைய பழைய கம்ப்யூட்டர், கம்பெனி மூடிய அதே மாதம் நின்றுபோனது. கடையில் ஒன்று சொல்லிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். பிரேமலா, எதற்குக் கடை, பாகங்களை வாங்கி நானே கட்டுகிறேன் என்றாள். இத்தனை வருஷம் ஆயிரம் ஆயிரமாகப் போர்டு பார்த்திருக்கிறாள், ஒரு முழு மெஷினை ஒருநாளும் தொட்டதில்லை. ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே செய்து, ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். பினாங்கில் வேலை செய்யும் மகள் லோஷினி எந்தெந்தப் பாகம் வேண்டும் என்று பட்டியல் எழுதி வாட்சாப்பில் அனுப்பினாள்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, பட்டையை மணிக்கட்டில் கட்டி, அதன் வயரை ஜன்னல் கிரில்லில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மதர்போர்டை உறையிலிருந்து எடுத்ததும் வழக்கம்போல் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். நல்ல வேலை. யார் பார்த்துப் பாஸ் பண்ணினார்களோ என்று நினைத்துக்கொண்டாள். ப்ராசஸரை அதன் குழியில் நேராக இறக்கினாள். நெம்புகோலை அழுத்தியபோது நெறுநெறு என்று சத்தம் வந்தது. சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு அதன் மேல் வைத்தாள்.

அர்ச்சுனன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்ன, சந்தனமா வைக்கிற?"

"சூடு இறங்குறதுக்குங்க."

"நம்மளும் அதுக்குத்தானே வைக்கிறோம்."

அடுத்தது கூலர். ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியே தள்ளும் கனமான பாகம், மேலே விசிறி. அதன் அடிப்பக்கம் செம்பு, கண்ணாடி மாதிரி மின்னியது. அந்தச் செம்பின் மேல் மெல்லியதாக ஒரு பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் பொடி எழுத்து. பிரேமலா அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. செம்பில் கீறல் விழாமல் இருக்கப் போட்டிருக்கிறான், இருக்கட்டும் என்று நினைத்தாள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, அப்படியே தாளோடு ப்ராசஸரின் மேல் இறக்கி, நான்கு மூலையும் குறுக்குக் குறுக்காகத் திருகி முடுக்கினாள்.

மாலை ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுற்றின, திரையில் எழுத்து வந்தது. பிறகு லோஷினிக்கு வீடியோ கால் போட்டு மெஷினை நாலு பக்கமும் காட்டினாள்.

அர்ச்சுனன் குளித்துவிட்டு வந்து, சாமி மேடையிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தார். கேமரா, மோட்டார் சைக்கிள், கிரைண்டர், எது வந்தாலும் அவர் பொட்டு வைக்காமல் ஓட்டமாட்டார். மெஷினுக்கு ஆகாது என்று அவள் சொன்னாள். பெட்டிக்குத்தான் வைக்கிறேன், உள்ளே இல்லை என்றார். பெட்டியின் மேல்பக்கம் காற்றுப் போக வலைக்கண் மாதிரி ஓட்டைகள். பொட்டு முன்பக்கம் வைத்தார். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் மேலே உதிர்ந்தது. அவர் ஊதினார். கொஞ்சம் உள்ளே போனது.

ஒரு மாதம் பெரிதாகத் தொல்லை இல்லை. விசிறிதான் அவர் வேலை செய்யும்போது பிளேன் கிளம்புகிற மாதிரி இரைந்தது. கடையில் ஒருதடவை காட்டலாமா என்று கேட்டார். புது விசிறி அப்படித்தான் இருக்கும் என்றாள் பிரேமலா.

யோங் பெங் ஊர் லெட்சுமணன் மகள் கல்யாண வேலை வந்தது அப்போதுதான். தாலி கட்டு ஜொகூர் பாருக் கோவிலில்; இரண்டு வாரம் கழித்து யோங் பெங்கில் ஊர்க்காரர்களுக்கெல்லாம் விருந்து. விருந்து மண்டபத்தில் பெரிய திரை வைத்து, கோவில் கல்யாணத்தை இருபது நிமிஷமாகச் சுருக்கிக் காட்ட வேண்டும். வர முடியாத வயசானவர்கள் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று லெட்சுமணன் சொல்லியிருந்தார். அர்ச்சுனன் பத்து நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னபோது, பாதியில் மெஷின் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

பிரேமலா பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, இடமிருந்து வலமாகப் பார்த்தாள். ரேம் பக்கத்தில் சிவப்பாகப் பொடி. அவ்வளவுதான், கண் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே போய்ச் சுருளை எடுத்து வந்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அர்ச்சுனன் குனிந்து பார்த்தார். "இவ்வளவூண்டா?"

"தலைமுடிக்கே லைன் நிக்கும்."

கடையில் காட்டிவிடலாம் என்று அவர் இரண்டாவது தடவையாகக் கேட்டார். அவள் சொன்ன பதில் அவளுக்கு இன்றும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "இருபத்தாறு வருஷம் போர்டு பார்த்தவ நான். அந்தக் கடைக்காரன் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே நான் லைன்ல நின்னேன். நான் கட்டினத இன்னொருத்தன் திறக்க வேணாம்." பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்துக் குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்தாள். அன்றைக்கு மெஷின் நன்றாகவே ஓடியது. ஒரே படமாக்கும் அந்தக் கனமான வேலையை அன்று யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

விருந்துக்கு முதல் நாள், எதற்கும் மாசாயில் இருக்கும் சிநேகிதர் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், நான் சுத்தம் பண்ணிவிட்டேன், இனி நிற்காது என்றாள். விருந்தன்று காலை படமாக்கும் வேலை எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது. மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே இடம். சிநேகிதருக்குப் போன் அடித்தார். அவர் கோலாலம்பூரில் இருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு அர்ச்சுனன் சட்டையை மாற்றிக்கொண்டு காரை எடுத்தார். பிரேமலாவும் கூட ஏறிக்கொண்டாள்.

மண்டபத்தில் நாற்பது மேசை. திரை இறக்கி வைத்து, வெறும் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இரண்டு பேர். அர்ச்சுனன் லெட்சுமணனை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். லெட்சுமணன் திரையை ஒருதடவை பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

அவருடைய மனைவி ராஜம்மாதான் மேசைக்கு வந்து, என்னம்மா ஆச்சு, புது மெஷின் என்றீர்களே என்று பிரேமலாவிடம் கேட்டாள். மேசையில் பத்துப் பேர், அதில் மூன்று பேர் அர்ச்சுனனைப் போல வீடியோ எடுக்கிறவர்கள். பிரேமலா ஒரு சிரிப்போடு சொன்னாள்: "மெஷின் நல்லாதான் கட்டினேன்க்கா. இவரு சாமி கும்பிடுறேன்னு குங்குமத்த உள்ள கொட்டிட்டாரு. போர்டு போச்சு."

மேசை சிரித்தது. அர்ச்சுனனும் சிரித்தார். பிரியாணியைப் பிசைந்தபடி சிரித்தார், முழுதும் சாப்பிட்டார்.

பிறகு அது அவரைவிட்டுப் போகவில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "அண்ணே, கேமராவுக்குப் பொட்டு வச்சாச்சா?" என்று கேட்டார்கள். போனில் அவர் பெயரை 'குங்குமம் வீடியோ' என்று சேமித்து வைத்திருக்கிறான் ஒருவன். அதை அவரிடமே காட்டினான். கெட்ட எண்ணம் கிடையாது, சும்மா விளையாட்டுதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் விளையாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வைகாசிக்கு இரண்டு வேலை வந்தது, ஆவணிக்கு ஒன்று. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று லோஷினி சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். கேமராவை விற்றுவிட்டு, சிங்கப்பூரில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். ஐம்பத்து மூன்று வயதில், விடிவதற்கு முன் எழுந்து, ஹெல்மெட் மாட்டி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிள்களோடு ஒன்றாக நின்று. அதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்: "இப்பவும் வீடியோதான் பாக்கறேன் லா. எட்டுத் திரை. ஒருத்தனும் மாலை மாத்திக்கல."

பாலத்துக்கென்று வாங்கிய புது மோட்டார் சைக்கிளுக்கு அவர் பொட்டு வைக்கவில்லை. எலுமிச்சம்பழமும் நசுக்கவில்லை. கடையிலிருந்து நேராக ஓட்டி வந்து நிறுத்தினார். பிரேமலா அதைக் கவனித்தாள். அப்பாடா, புத்தி வந்தது என்று நினைத்தாள். அப்படி நினைத்தது இப்போது அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலிக்கிறது.

கம்ப்யூட்டர் ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பையால் மூடப்பட்டு, மாடிப்படிக்குக் கீழே ஒன்றேகால் வருஷம் கிடந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய பேப்பர், பழைய ஃப்ரிட்ஜ் எல்லாம் வாங்குகிற லோரி ஒலிபெருக்கியோடு பக்கத்துத் தெருவில் வந்துகொண்டிருந்தது. கொடுத்துவிடலாம் என்று இழுத்தாள். கூலரின் செம்பு மட்டும் நல்ல செம்பாயிற்றே, கழற்றி வைத்துக்கொள்வோம் என்று நான்கு திருகையும் எடுத்தாள். தூக்கினாள்.

செம்புக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் அந்தத் தாள். பழுத்து, சுருங்கி, நடுவில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்துப் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தாள். மாட்டுவதற்கு முன் இதை உரிக்கவும் என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் போட்டிருந்தது. இத்தனை நாளும் சூட்டைச் செம்புக்கு விடாமல் தடுத்தது இதுதான்.

லோரி வாசலில் நின்று, ஹாரன் அடித்து, போய்விட்டது.

அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாளை உரித்தாள். காய்ந்த பசையைத் துடைத்து, ட்யூபில் மிச்சமிருந்ததைப் புதிதாக வைத்து, கூலரை மாட்டினாள். டிவியோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினாள். விசிறி இரையவில்லை. அவர் கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. லெட்சுமணன் மகள் கல்யாணத்தைத் திறந்து, அவர் எதை அழுத்துவார் என்று நினைவுபடுத்தி அழுத்தினாள். எண் ஏறியது. எழுபத்தொன்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. பதினாறு நிமிஷத்தில் நூறு. அந்த அம்பு மட்டும் ரேம் பக்கத்தில், தப்பேதும் இல்லாத ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டு, ஒட்டியபடி இருந்தது. நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர் கிழிந்து வந்தது, பசை போகவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பதினோரு நாள் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயும் மாறி மாறி வைத்தாள். என்ன விசேஷம், லோஷினிக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாயா என்று அவர் கேட்டார். பெர்மாஸ் ஜெயா சந்தையில் அவரோடு மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய்வரை வந்தது. மீன்காரர் விலை சொன்னதும் உள்ளே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரேமலா அந்தத் தாளை ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு எடுத்துப்போய் நீட்டினாள். கம்பெனிப் பழக்கம். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். தாள், சூடு, எழுபத்தொரு சதவீதம், இப்போது ஓடுவது எல்லாம். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப குங்குமம்?"

"அது ஒண்ணுமே பண்ணலங்க."

அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். குந்தி உட்கார்ந்து சக்கரக் கம்பிகளைத் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்றுதான் அவள் தயாராக நின்றாள்.

"கடையில காட்டலாமான்னு கேட்டேன்," என்றார் தேய்த்தபடியே. "மாசாய்க்கு எடுத்துட்டுப் போறேன்னும் சொன்னேன்."

"ஆமாங்க."

மறுபடி ஆரம்பிக்கலாமே, மெஷின்தான் ஓடுகிறதே, கேமரா ஒன்று பார்ப்போம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இப்போதெல்லாம் டிரோன் பறக்கவிடுகிறார்கள், எனக்கு அதற்குக் கண் போதாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரித்து வேண்டாமென்று வைத்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

அவள் அங்கேயே நின்றாள். அவர் நிமிராமல் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்ன பிரேமா. அந்த மேசையில சொன்னல்ல. அங்க சொல்லு."

அன்று மத்தியானம் பிரேமலா, ராஜம்மாவின் எண்ணுக்கு அந்த இருபது நிமிஷப் படத்தை அனுப்பினாள். பின்னாலேயே குரல் பதிவு. மூன்று தடவை பேசி அழித்து, நான்காவதை அனுப்பினாள். அக்கா, அன்றைக்கு மண்டபத்தில் நான் சொன்னது தப்பு, அவர்மேல் குற்றமில்லை, நான்தான் மெஷினைத் தப்பாகக் கட்டினேன், அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள் என்று. சாயங்காலம் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். கூடவே ஒரு புகைப்படம்: அந்தக் கல்யாணப் பெண், மடியில் ஆறு மாதக் குழந்தை. கீழே, எப்போதாவது யோங் பெங் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. அந்த மேசையைப் பற்றி ஒன்றுமில்லை. யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ராஜம்மாவுக்கு நினைவிருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது.

அந்த மூன்று வீடியோக்காரர்களில் இரண்டு பேர் எண் அர்ச்சுனனிடம் இருந்தது. கேட்டு வாங்கி, அவர்களுக்கும் பேசினாள். ஒருவர், அட அதை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணி என்று சிரித்தார். இன்னொருவர், அண்ணன் ஃபீல்டில் இல்லாதது எங்களுக்கு நஷ்டம்தான் என்று மரியாதையாகச் சொன்னார். போனை வைக்கும்போது இரண்டு பேருமே, குங்குமம் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார்கள்.

அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டாயா என்று அவரும் கேட்கவில்லை.

படத்தை மட்டும் அவர் ஒருநாள் பார்த்தார், சாப்பிட்டுக்கொண்டே, டிவியில். கெட்டிமேளத்தில் கேமரா பெண்ணின் அம்மா முகத்துக்குப் போனது. ராஜம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இந்த ஷாட்டுல இன்னும் ரெண்டு செகண்டு விட்டிருக்கலாம்," என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரம் முழுக்க, அவர் வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும், பிரேமலா துணி எடுக்கிற சாக்கில் வாசலுக்குப் போனாள். முன்விளக்கின் மேல், அவர் வழக்கமாகப் பொட்டு வைக்கிற இடத்தைப் பார்த்தாள். சாமி மேடையில் குங்குமச் சிமிழை நிரப்பி, மூடியைத் திறந்தேயும் வைத்துப் பார்த்தாள்.

ஒரு பொட்டும் இல்லை. பாலத்துப் புகை மட்டும் கறுப்பாகப் படிந்திருந்தது. அதை அவள் துணியால் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.